மிச்சக்கதையும் அச்சாகாத இரண்டாம் தொகுதியும்

உலகத்தில் எல்லோரும் படம் பார்த்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். வீட்டுக்குப் போனபிறகு படம் பார்க்கத் தொடங்குகிற ஒரே பிறவி, எனக்குத் தெரிந்து, எங்கள் ஆபீஸ் மிச்சக்கதைதான். நான் அளந்து விடுவதாக நினைப்பவர்கள் அவரோடு ஒரே ஒரு முறை பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். அதுவும் ஜன்னலோர சீட்டில் மாட்டிக்கொண்டு.

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற பக்கம் ஒரு எஸ்டேட். அதன் டீ ஃபாக்டரி ஆபீசில் நான் எட்டு வருஷம் குப்பை கொட்டினேன். எனக்கு எதிர் மேசையில் டெஸ்பாட்ச் கிளார்க்காக உட்கார்ந்திருந்தவர் அவர். ஐம்பதைத் தாண்டிய வயது, காதை மூடும் குரங்குக் குல்லாய், முழங்கையில் ஓட்டை விழுந்த பச்சை ஸ்வெட்டர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நிஜப்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. மேனேஜர் ஒருமுறை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, இவரே என் பக்கம் திரும்பி, "யாரு தம்பி அது, புதுசா சேர்ந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

மிச்சக்கதை என்ற பெயர் வந்ததற்குக் காரணம் எங்கள் கடைசி பஸ். ஞாயிற்றுக்கிழமை குன்னூரில் மேட்னி இரண்டரை மணிக்கு. எஸ்டேட்டுக்குக் கடைசி பஸ் ஐந்தேகாலுக்கு. அதை விட்டால் ஏழு கிலோமீட்டர் நடை. வழியில் காட்டெருமை நின்றுகொண்டிருக்கும். அது நகர்ந்து வழிவிடுவது அதன் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. ஆகவே சரியாக ஐந்து மணிக்குத் தியேட்டரில் எங்கள் ஆட்கள் மொத்தமாக எழுந்துவிடுவார்கள். ஹீரோ பாறையில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருப்பார். "நீ பாத்துக்க சாமி" என்று அவரை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவோம். எஸ்டேட்டில் மூன்று தலைமுறையாக எந்தப் படத்தின் கிளைமாக்ஸையும் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

இவர் மட்டும் சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டு முதலிலேயே முழுப் படத்தையும் பார்த்துவிடுவார். சனிக்கிழமை பஸ் ஆறரைக்கு. பிறகு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வந்து இரண்டாம் முறை பார்த்து, எங்களோடேயே எழுந்து ஓடி, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மிச்சக் கதையைச் சொல்வார். பஸ் நிற்கிற இடமெல்லாம் சண்டையும் நிற்கும். இறங்க வேண்டியவர்கள் இறங்காமல் அடுத்த ஸ்டாப் வரை வந்துவிட்டு, திரும்பி நடந்து போயிருக்கிறார்கள்.

அதுவரை பிரச்சினை இல்லை. பிறகு ஆங்கில விஞ்ஞானப் படங்கள் தமிழ் பேசிக்கொண்டு வந்து இறங்கின. விண்கலம், வேற்றுக்கிரகம், ராட்சசப் பல்லி, காலத்தைத் தாண்டிப் போகிற குகை. இவற்றில் கிளைமாக்ஸ் வரை உட்கார்ந்து பார்த்தவனுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. வேறு யாராவது என்றால் ராட்சசப் பல்லியை ரசித்துவிட்டுப் போயிருப்பார்கள். மிச்சக்கதைக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு மாதம் ஆபீஸ் கம்ப்யூட்டரில், பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரம் முழுக்க எதையோ துருவினார். பிறகு ஒருநாள் மேசையைத் தட்டி அறிவித்தார்.

"தம்பி, நம்மள ஏமாத்தறானுங்க. டிக்கெட்டுக்குப் பாதிக் கதைதான். மீதிய வேற கவுண்டர்ல தர்றானுங்க!"

உண்மைதான். ஒரு படத்தில் விஞ்ஞானி ஏன் பைத்தியமானார் என்பது, படம் வருவதற்கு முன் வெளியான ஒரு படக்கதைப் புத்தகத்தில் இருந்தது. இயந்திர மனிதனுக்கு அழத் தெரிந்தது எப்படி என்பதை டைரக்டர் யாரோ ஒரு நிருபரிடம் டீ குடித்தபடி சொல்லியிருந்தார். பல்லி எங்கிருந்து வந்தது என்கிற காட்சியைப் படத்திலிருந்து வெட்டி, டிவிடி டிஸ்கின் ஓரத்தில் ஒளித்து வைத்திருந்தார்கள். இதெல்லாம் அமெரிக்காவில் இருப்பவனுக்கே தெரியுமோ என்னவோ, எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற மேரியக்காவுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு விஷயத்தில் அவர் மகா கண்டிப்பு. சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்க மாட்டார். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், யார் சொன்னது என்பது வாயில் வந்த பிறகுதான் விளக்கம் வரும். ஒருநாள் மேரியக்கா ஏதோ ஒரு படத்தைப் பற்றிக் கேட்க, "அதுக்கு இன்னும் ஆதாரம் கிடைக்கலீங்க" என்றார்.

"அட, சும்மா ஏதாச்சும் சொல்லுங்க. ஊடு வர்ற வரைக்கும் பொழுது போகோணுமல்லோ?"

"சும்மா சொல்றதுக்கு நான் என்ன கதை கட்டறவனா? தெரியலைன்னா தெரியலைதான்."

அன்று பஸ்ஸே அவரிடம் கோபித்துக்கொண்டது. அவர் இறங்குகிற வரை ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. அவரும் அசைந்து கொடுக்கவில்லை.

இந்தக் குறிப்புகளையெல்லாம் அவர் எழுதி வைத்தது ஆபீஸ் சாம்பிள் சீட்டுகளின் பின்பக்கத்தில். ஏலத்துக்குப் போகும் ஒவ்வொரு ரகத் தேயிலையிலிருந்தும் ஒரு பொட்டலம் குன்னூர் புரோக்கருக்குப் போகும். பொட்டலத்துக்குள் ரகமும் எண்ணும் எழுதிய சீட்டு இருக்கும். ஒரு வாரம் புதுச் சீட்டுக் கட்டும் குறிப்புக் கட்டும் இடம் மாறிவிட்டன. பன்னிரண்டு பொட்டலத்திலும் தேயிலையோடு விண்வெளி ஏறிப் போய்விட்டது.

இரண்டு நாளில் புரோக்கர் ஆபீசிலிருந்து போன். பேசியவர் தேயிலையைச் சுவைத்துப் பார்த்துத் தரம் சொல்கிறவர். மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டார்.

"டீ நல்லாருக்குங்க. அதுல ஒண்ணும் குறையில்ல. அந்த டாக்டரம்மா ஏன் ரெண்டாவது கப்பல்ல ஏறல? ஒன்பதாம் நம்பர் பொட்டலத்தோட நிக்குதுங்களே. மிச்சம் அடுத்த வாரச் சாம்பிள்ல வருதுங்களா?"

மேனேஜர் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். மிச்சக்கதையின் பதில் ஒரே வரி: 'தவறுக்கு வருந்துகிறேன், விவரம் இணைப்பில் காண்க.' இணைப்பு பதினோரு பக்கம். டாக்டரம்மாவின் பூர்வீகத்திலிருந்து தொடங்கியது. திங்கட்கிழமை மேனேஜர் அவரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அரை மணி நேரம். வேலை போயிற்று என்று நான் அவருடைய டிபன் பாக்ஸைக்கூடக் கழுவி வைத்துவிட்டேன். வெளியே வந்தவர் நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்தார்.

"ஏனுங்ணா, என்ன சொன்னாருங்க?"

"ஏழாம் பக்கத்துல அவருக்கு ஒரு சந்தேகம் தம்பி."

இப்போது நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். இங்கே எந்தப் படத்தையும் கடைசி வரை பார்க்கலாம், எத்தனை மணிக்கும் பஸ் உண்டு. படம் முடிந்து விளக்குப் போட்டு எல்லோரும் எழுந்து போவார்கள். நான் மட்டும் சீட்டில் உட்கார்ந்தே இருப்பேன். பக்கத்து சீட்டிலிருந்து யாராவது முழங்கையால் இடித்து, "தம்பி, நெசமான கதையே இனிமேத்தான்" என்று சொல்ல மாட்டார்களா என்று இருக்கும். துடைப்பத்தோடு ஆள் வந்து நின்றபிறகு எழுந்து போவேன்.

அவரை உலுக்கிய இன்னொரு கப்பல் படம் வந்தது நான் எஸ்டேட்டை விட்டு வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால். உலகம் அழியப் போகிறது. தப்பிக்க ஒரே ஒரு விண்கப்பல். பட்டியலில் பெயர் இருப்பவர்கள்தான் ஏறலாம். கப்பல் கேப்டனுக்கு மூன்று பிள்ளைகள். சின்னவர்கள் இருவரையும் தூக்கிக்கொண்டு ஏறிவிடுகிறார். மூத்த பெண் வெளியே நிற்கிறாள். கதவு மூடுகிறது. ஏன் அவளை விட்டார்? படத்தில் ஒரு வார்த்தை கிடையாது. அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் ராட்சசப் புழுக்களோடு சண்டை. நான் புழு வந்ததும் தூங்கிவிட்டேன். பஸ்ஸிலும் புழுவைப் பற்றித்தான் எல்லோரும் கேட்டார்கள்.

மிச்சக்கதை புழுவைச் சீந்தவில்லை. "அந்தப் புள்ளைய ஏன் விட்டானுங்க?" என்று ஆபீசில், கேன்டீனில், எடைபோடுகிற இடத்தில், பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டார். படத்துக்கென்று ஒரு இணையதளம் இருந்ததாகவும், அதில் காரணம் இருந்ததாகவும் கண்டுபிடித்தார். இவர் போய்ச் சேர்ந்தபோது அந்த முகவரியில் பெண்களுக்கான செருப்பு விற்றுக்கொண்டிருந்தார்கள். விடாமல் செருப்புக் கம்பெனிக்கே எழுதிக் கேட்டார். முப்பது சதவீதம் தள்ளுபடி தருவதாகப் பதில் வந்தது.

பிறகு தெரிந்தது, வெளிநாட்டில் விற்ற விசேஷ டிஸ்கோடு ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள், காரணம் அதில் இருக்கிறது என்று. அன்றிலிருந்து சீசன் முழுக்க ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குன்னூர்ப் பூங்கா வாசலில் நின்றார். வெள்ளைக்காரர் யாரைக் கண்டாலும் குல்லாயைக் கழற்றி, "உங்கள் வீட்டில் அந்தப் புத்தகம் இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒருவர் பயந்துபோய் வேனுக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். இன்னொருவர் இவரை ஏதோ மதப் பிரசாரகர் என்று நினைத்து, "நான் ஏற்கெனவே நம்புகிறேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். ஒரு வயதான அம்மா மட்டும் நின்று, முழுதும் கேட்டு, முகவரியை எழுதிக்கொண்டு போனார். தன் பேரன் அலமாரியில் பார்க்கிறேன் என்றாராம்.

ஐந்து மாதம் கழித்து நிஜமாகவே ஒரு தபால் உறை வந்தது. ஃபாக்டரியே கூடிவிட்டது. மேனேஜர் தன் பேனாக்கத்தியால் உறையைப் பிரித்தார். மிச்சக்கதை கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். கப்பலின் நீள அகலம், புழுவின் பல்வரிசை, எல்லாம் படத்தோடு இருந்தன. முப்பத்தொன்றாம் பக்கத்தில் அந்தப் பெண்ணின் படம். அவர் விரலை வைத்து, உதடு அசைய, மெதுவாகப் படித்தார்.

'இவள் ஏன் விடப்பட்டாள் என்பதை இரண்டாம் தொகுதியில் காண்க.'

நாங்கள் அடக்க முடியாமல் சிரித்தோம். மேனேஜர் அங்கேயே கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தார். படம் ஓடாததால் இரண்டாம் தொகுதி அச்சாகவே இல்லையாம். அதற்கும் சிரித்தோம். யாருக்கும் அவர் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்கும்தான். இன்றுவரை அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

சாயங்காலம் ஆபீஸ் காலியான பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. "போகட்டும் விடுங்ணா, ஒரு படம்தானே" என்றேன்.

"எனக்கு ஒரு அக்கா இருந்துச்சு தம்பி" என்றார்.

அவர் இலங்கையிலிருந்து வந்த குடும்பம் என்பது எனக்குத் தெரியும். அங்கே மலைத்தோட்டத்தில் இருந்தவர்களை, இரண்டு அரசாங்கமும் பேசிப் பங்கு பிரித்துக்கொண்டபோது, இவர் அப்பா அம்மாவோடு தலைமன்னாரில் கப்பலேறி வந்து சேரம்பாடி அரசுத் தோட்டத்தில் குடியேறினார். அப்போது இவருக்கு ஆறு வயது. அக்கா ஒருத்தி இருந்தாள் என்பதை அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் சொன்னார்.

"பதிமூணு வயசு இருக்கும். கண்டி டவுன்ல ஒரு ஊட்டுல வேலைக்கு விட்டிருந்தாங்க. நாங்க கெளம்பினப்போ அது வரல. ரயில்ல கேட்டேன், அம்மா பதில் சொல்லல. கப்பல்ல கேட்டேன், சொல்லல. அப்பா கிட்டக் கேட்டா அடி. இங்க வந்து பெரிய ஆளான பொறகும் கேட்டேன். அம்மா எந்திரிச்சு வெளிய போயிரும். சாகற வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல தம்பி. அக்காவுக்கு மூணு கடுதாசி போட்டேன், மூணும் திரும்பி வந்துருச்சு. அக்கா கிட்டக் கேட்டாத்தான் தெரியும், ஏன் விட்டுட்டு வந்தாங்கன்னு. அதுக்குக் காரணம் தெரிஞ்சிருக்கும்."

அவருடைய புத்தகத்தை எடுத்து உறைக்குள் போட்டுக் கொடுத்தேன். அன்றிரவே இலங்கை மலையகத்து ஆட்கள் கூடுகிற ஒரு ஃபேஸ்புக் குழுவில் அவர் அப்பா பெயர், அம்மா பெயர், பழைய தோட்டத்தின் பெயர் எல்லாவற்றையும் போட்டு எழுதினேன். அவரிடம் சொல்லவில்லை. எதுவும் வராமல் போனால் இன்னொரு முறை அந்த முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

ஒரு வருஷம் போயிற்று. யார் யாரோ விசாரித்தார்கள், யார் யாரோ வேறு ஆட்களின் பெயரைச் சொன்னார்கள். நான் வேலையை விட்டுக் கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது ஒரு பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. 'நீங்கள் தேடுகிறவர் என் அம்மா. உயிரோடு இருக்கிறார். மாமாவைப் பார்க்க வேண்டும் என்கிறார்.'

மிச்சக்கதையிடம் போனைக் காட்டினேன். மூன்று முறை படித்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழமை" என்றார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேசான தூறல். எஸ்டேட்டில் வீடியோ காலுக்குச் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் ஃபாக்டரி மேட்டுச் சில்வர் ஓக் மரத்தடி. பச்சை ஸ்வெட்டரைக் காணோம். மேனேஜரிடம் கடன் வாங்கிய கோட்டும், படிய வாரிய தலையுமாக வந்தார். கையில் சீட்டு. அதில் வரிசையாகப் பதினேழு கேள்விகள். நான் ஒரு கையில் போனையும் மறு கையில் குடையையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரையில் நரைத்த தலை, கண்ணாடி, இவருடைய அதே மூக்கு. அந்தம்மாதான் தொடங்கினார்.

"தம்பி, கிட்ட வா. மூஞ்சி சரியாத் தெரியல."

இவர் போனுக்குள் போய்விடுவது போல முகத்தைக் கொண்டுபோனார். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, அம்மாவுக்குக் கடைசியில் என்ன, அப்பா எப்போது போனார் என்று வந்தது பேச்சு. இவர் சீட்டைப் பிரித்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார். அதற்குள் அந்தம்மாவே கேட்டுவிட்டார்.

"ஒன்ன ஒண்ணு கேக்கணும் தம்பி. நான் தீவாளிக்குத் தோட்டத்து லயத்துக்கு வந்தேன். நம்ம காம்பிராக் கதவுல பூட்டுத் தொங்குச்சு. எல்லாரும் இந்தியாவுக்குப் போயிட்டாங்கன்னு பக்கத்துக் காம்பிரா ஆளுங்கதான் சொன்னாங்க. என்னைய ஏன் விட்டுட்டுப் போனாங்க? அம்மா ஒங்கிட்டச் சொல்லியிருப்பாங்க இல்ல? இம்புட்டு வருஷமா நான் அத மட்டுந்தான் கேக்கணும்னு இருந்தேன்."

பதில் இவரிடம் இருக்கும் என்று அக்கா, அக்காவிடம் இருக்கும் என்று இவர். ஐம்பது வருஷமாக இருவரும் ஒருவரையொருவர் நம்பி இருந்திருக்கிறார்கள். இனி கேட்பதற்கு ஆளே இல்லை. தெரியாது என்றுதான் மிச்சக்கதை சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவரை எனக்குத் தெரியும். பஸ்ஸே கோபித்துக்கொண்டாலும் இல்லாததைச் சொல்ல மாட்டார்.

மிச்சக்கதை சீட்டை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார்.

"சொன்னாங்கக்கா. எல்லாம் சொன்னாங்க. கப்பல் தேதிய திடீர்னு முன்னாடி தள்ளிட்டானுங்க. ஒங்களக் கூட்டிவர அப்பா ஆள் அனுப்பிச்சாரு. மழையில ரோடு சரிஞ்சு போச்சு, பஸ்ஸு இல்ல, அந்தாளு திரும்பி வந்துட்டான். அப்புறம் அப்பாவே நடந்து கெளம்பினாரு. பாதி வழியில போலீஸு மறிச்சுத் திருப்பி அனுப்பிட்டான்."

"அப்பா வந்தாரா?"

"வந்தாருக்கா. ரயில்ல அம்மா ஒங்களுக்கு எடம் புடிச்சு வச்சாங்க. எந்த ஸ்டேஷன்லயாச்சும் வந்து ஏறுவீங்கன்னு."

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா எனக்கு எடம் புடிச்சு வச்சாங்களா?"

"ஆமாக்கா. முந்தானைய விரிச்சுப் போட்டு. ஒருத்தரையும் உக்கார விடல."

"எது வரைக்கும்?"

"தலைமன்னார் வரைக்கும்."

"தலைமன்னார் வரைக்கும்" என்று அந்தம்மாவும் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சத்தமாக அழுதார். அவர் மகள் பின்னால் வந்து தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவர் அழவில்லை. அக்கா கேட்கிற கேள்விக்கெல்லாம் நிதானமாக, ஒன்றுவிடாமல், மறித்த போலீஸ்காரனின் மீசை வரைக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். சிக்னல் போகிற வரை விளக்கினார்.

போனை வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லீங்ணா."

"கீழ போலாம். நனையறோம்."

அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. எங்கள் பக்கம் ஆம்பிளைகள் அப்படியெல்லாம் செய்துகொள்வதில்லை. குடையை முழுக்க அவர் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கினேன்.